விலையில்லாப் பொருளுக்கும் ரிப்பேர் உண்டு

வால்வு ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த வால்வு எந்த இடத்தில் என்று காட்டும் படம் அது. சில செட்டுகளோடு முழு சர்க்யூட் படமே தனித்தாளாக வரும். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், நெல்கோ என்று எந்தக் கம்பெனியாக இருந்தாலும், தான் விற்ற பெட்டியை ஒருநாள் எங்கோ ஒரு சின்ன ஊரில் ஒரு மெக்கானிக் திறந்து பார்ப்பார் என்பது அதற்குத் தெரியும். திறப்பவர் திணறக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. நாலு ஸ்க்ரூவைத் திருப்பினால் பெட்டி திறக்கும். போன வால்வைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகலாம், அதற்கு ஈயம்கூட வைக்க வேண்டாம்.

விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் முழுதாக ஒழிந்தது. லைசென்ஸ் போட்டு வளர்த்த பொருளை யார் தூக்கி எறிவார்கள்? ஒரு நல்ல செட்டின் விலை, சாதாரணக் குடும்பத்துக்குப் பல மாத வருமானம். ஆகவே ரேடியோ கெட்டால் ரிப்பேர், மறுபடி கெட்டால் மறுபடி ரிப்பேர். ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஊமையானால், இலங்கை வானொலி கேட்க வந்த கூட்டம் மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

விழுப்புரத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு வசதி, ஊர் ஜங்ஷனாக இருந்தது. சென்னை, புதுச்சேரி, காட்பாடி, மாயவரம் வழியாகவும் விருத்தாசலம் வழியாகவும் திருச்சி என்று ஐந்து திசைக்கு ரயில். விடியற்காலை வண்டியைப் பிடித்தால் மதியத்துக்குள் சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டர், கண்டென்சர், வால்வு எல்லாம் பொறுக்கி வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். திண்டிவனத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் எந்நேரமும் பஸ். ரிச்சி தெரு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் நேருஜி சாலையிலும் எம்.ஜி. ரோட்டிலும், திண்டிவனம் நேரு வீதிப் பக்கமும் ரிப்பேர் கடைகள் தழைத்தன என்று நினைக்கிறேன்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. விழுப்புரம் அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். படம் வர வேண்டுமானால் மாடிக்கு மேல் இரும்புக் குழாய், அதற்கு மேல் ஆன்டெனா, அதோடு ஒரு பூஸ்டர். சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் செட்டுகள் அந்நாளில் பிரபலம். ரேடியோ மெக்கானிக் டிவி மெக்கானிக்காகப் பதவி உயர்வு பெற்றது அப்போதுதான். ரேடியோவை அவரிடம் தூக்கிக்கொண்டு போன நாம், டிவிக்கு அவரை வீட்டுக்கு அழைத்தோம். ரெக்சின் பையோடு வருவார். காபி கொடுக்க வேண்டும். பின்மூடியைத் திறந்ததும் பல்லி முட்டை, செத்த எறும்பு, தூசி. முதலில் அதையெல்லாம் ஊதி, பிரஷ்ஷால் தட்டுவார், பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். மிச்சப் பாதி பெரும்பாலும் டிரை சோல்டர், அதாவது சூட்டிலும் குளிரிலும் ஈயம் விரிசல் விட்டுப் பாகத்தின் காலை விட்டுவிடுவது. எல்.ஓ.டி. என்ற டிரான்ஸ்பார்மர் போனதென்றால் மட்டும் முகம் இறுகும், செலவு பெரியது.

மரக்காணம் பக்கத்து செட்டுகளைப் போர்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். உப்பளத்துக் காற்று செம்புத் தடங்களில் பச்சை பூக்க வைத்துவிடும். தின்னரில் பிரஷ்ஷைத் தோய்த்துத் துடைத்து, அறுந்த தடத்தின் மேல் மெல்லிய கம்பியை வைத்துப் பற்றவைத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். அப்புறம் மறுபடி பச்சை.

இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலே, “அந்தக் காலத்து மனுஷங்க பொருளை மதிச்சாங்க, இப்ப எல்லாம் யூஸ் அண்ட் த்ரோ” என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த இரண்டு ஊர்களிலும் எந்த வீட்டுப் பரணிலாவது ஏறிப் பாருங்கள். ஓடாத மிக்ஸி, படம் வராத டிவி, மூடி இல்லாத நோக்கியா, நான்கு தலைமுறை சார்ஜர்கள். தூக்கி எறிய மனசில்லாமல் ‘என்றைக்காவது பார்த்துக்கலாம்’ என்று ஏற்றி வைத்தவை. மனிதர்கள் மாறவில்லை. பொருள் செய்யப்படும் விதம் மாறிவிட்டது. அது எப்படி என்பதை நம் மாவட்டத்தை வைத்துப் பார்த்தால், யாரும் அதிகம் பேசாத ஒரு காரணம் நடுவில் அகப்படுகிறது: அரசு கொடுத்த இலவசப் பொருட்கள்.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 வரை தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 1.6 கோடிப் பெட்டிகள். எல்லாம் 14 அங்குலம், எல்லாம் பிக்சர் டியூப். அரசியலாகப் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டார்கள், மெக்கானிக் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிவது வேறு. சில கம்பெனிகளின் ஒருசில மாடல்களே லட்சக்கணக்கில் ஊரெங்கும் இறங்கின. செஞ்சிப் பக்கத்து கிராமத்தில் கெட்ட டிவிக்கும் மயிலத்தில் கெட்ட டிவிக்கும் நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. பத்து டிவி பார்த்தவருக்குப் பதினோராவது டிவியைத் திறக்கும் முன்பே எந்தக் கண்டென்சர் உப்பியிருக்கும் என்று தெரியும். பிக்சர் டியூப் போன பெட்டியின் போர்டு, போர்டு போன பெட்டிக்குப் போகும். போர்டே கிடைக்காவிட்டாலும் ரிச்சி தெருவில் ‘சைனா கிட்’ என்று ஒரு யுனிவர்சல் போர்டு கிடைத்தது. எந்தக் கம்பெனி டியூபுக்கும் அதை மாட்டி, புது ரிமோட்டோடு டிவியை மறுபிறவி எடுக்க வைக்கலாம். அம்பாசடர் காருக்கு எந்தக் குக்கிராமத்திலும் மெக்கானிக் இருந்ததன் ரகசியமும் இதுதான். ஒரே பொருள் நிறைய இருந்தால் பாகமும் நிறைய இருக்கும், கைப்பழக்கமும் வளரும்.

டிஜிட்டல் வந்தபோது இந்தப் பெட்டிகள் செத்திருக்க வேண்டியவை. அரசு கேபிள் 2017-ல் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பாக்ஸின் முதுகில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இருந்தன. மூன்று பின் ஏ.வி. ஒயர் ஒன்று போதும், 2007-ல் வந்த டிவி புதுச் சேனல்களைக் காட்டும். புதிய கருவி பழையதற்கு ஒரு வாசலை விட்டு வைத்தால் பழையது எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு அந்த ஒயரைவிட நல்ல சாட்சி இல்லை. வீட்டுத் திண்ணையில் பாட்டிக்காக ஓடும் அந்தக் குட்டி டிவியை இன்றும் கிராமங்களில் பார்க்கலாம்.

2011-ல் ஆட்சி மாறியது, பொருளும் மாறியது. விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அதே கதை, இன்னும் சின்ன அளவில். மிக்ஸி கப்ளர், கார்பன் பிரஷ், ஃபேன் கண்டென்சர் ஆகியவை மளிகைக் கடை சாமான் மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கின. ‘கவர்மெண்ட் மிக்ஸி கப்ளர்’ என்று கேட்டாலே போதும், மாடல் நம்பர் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 2024-ல் வந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. திண்டிவனம் தெருக்களில் வெள்ளம், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தொடும் தண்ணீர், சென்னைக்கு ரயில் இல்லை. அரசு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணத்தில் ஃபிரிட்ஜும் வாங்க முடியாது, வாஷிங் மெஷினும் வாங்க முடியாது. நனைந்ததைக் காயவைத்து ஓட்டுவது ஒன்றுதான் வழி.

வெள்ளம் வடிந்த வீட்டில் செய்யவே கூடாத காரியம், ‘ஓடுதா பார்ப்போம்’ என்று பிளக்கைச் செருகுவது. சேறு புகுந்த மிக்ஸியை, வேலை தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுப்பார், எடுத்து நல்ல தண்ணீரில் அலசுவார். கொண்டுவந்தவர் பதறுவார், தண்ணீரில் கெட்டதை மறுபடி தண்ணீரிலா போடுவது? ஆனால் சேறு காயிலின் இடுக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அலசாமல் விட்டால் என்றாவது ஒருநாள் புகையும். அலசிய பிறகு இரண்டு மூன்று நாள் வெயில். வெயில் இல்லையென்றால் பக்கத்தில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு. பிறகு ஆர்மேச்சரில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து, புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கடைசியாக சீரிஸ் பல்பு. ஒரு முனையைக் காயிலிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்தால் பல்பு எரியக் கூடாது. லேசாக மினுங்கினாலும் அந்த மிக்ஸி வீட்டுக்குப் போகக்கூடாது, மறுபடி வெயிலுக்குத்தான் போகவேண்டும்.

இந்த வேலைக்குக் கம்பெனியின் அனுமதி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கைத்திறனும் பொறுமையும் போதுமானதாக இருந்தன. எல்.இ.டி. டிவியில் சேறு புகுந்திருந்தால் கதை வேறு. அதன் பேக்லைட் பட்டைகள் போனால் மாற்றலாம், பவர் போர்டையும் சரிசெய்யலாம், பேனல் போனால் அதன் விலை புது டிவியின் விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். “பேனல் போச்சுன்னா டிவி போச்சு சார்” என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் தீர்ப்பு. பிக்சர் டியூப் பெட்டியில் உயிர்நாடியும் விலையும் பல பாகங்களில் பரவிக் கிடந்தன. எல்.இ.டி.யில் எல்லாம் ஒரே கண்ணாடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

செல்போன் இன்னும் மோசம். நோக்கியா 1100 காலத்தில் பின்மூடியை நகத்தால் தள்ளினால் பேட்டரி கையில் வரும். அந்த வகைப் போன்களின் பி.எல்-5சி பேட்டரி இன்றும் விற்கிறது. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்ட பிறகும், பேட்டரி மட்டும் சாமி பாட்டுப் பாடும் குட்டி ஸ்பீக்கரிலும் எஃப்.எம். பெட்டியிலும் புகுந்து பிழைத்துக்கொண்டது. ஓர் அளவு ஊர்ப்பொதுவாகிவிட்டால் அதைச் செய்த கம்பெனி போனாலும் அது போகாது. இன்றைய போனிலோ மூடியே பசை போட்டு ஒட்டியது. ஹீட்டர் தட்டில் வைத்துச் சூடேற்றி, பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல நெம்பித் திறக்க வேண்டும், கை தவறினால் கண்ணாடி விரியும். உள்ளே மாடலுக்கு ஒரு பேட்டரி, மாடலுக்கு ஒரு டிஸ்ப்ளே. டச்சும் திரையும் சேர்ந்த ‘காம்போ’வாகத்தான் வாங்க வேண்டும். சில விலையுயர்ந்த போன்களில் அசல் பாகத்தையே மாற்றினாலும், ‘இது அடையாளம் தெரியாத பாகம்’ என்று போன் முறுக்கிக்கொள்ளும். பாகத்துக்கும் போர்டுக்கும் கம்பெனியே கட்டிவைத்த எண் பொருத்தம் அது.

இத்தனைக்கு நடுவிலும் விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் கடைகள் ரேடியோ கடைகளைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே உட்கார்ந்திருக்கும் பையன்கள் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, ஹாட் ஏர் கன்னை வைத்துக்கொண்டு, கடுகைவிடச் சிறிய பாகத்தைத் தூக்கி இன்னொன்றை வைக்கிறார்கள். சர்க்யூட் படத்தைக் கம்பெனி தராது. சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் மென்பொருளில் வருடச் சந்தா கட்டிப் படத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக்கிடம் இருந்த திறமை இவர்களிடம் இல்லை என்பார்கள் சிலர். எனக்கென்னவோ இவர்கள் வேலைதான் கடினமாகத் தெரிகிறது.

இனி மடிக்கணினி. அதே 2011-ல், செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டமும் தொடங்கியது. உள்ளே விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் அதற்கு முன்பே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. மாணவர்கள் பலர் முதல் வேலையாகச் செய்தது அந்த லினக்ஸை அழித்ததுதான். சினிமா பார்க்கவும் கேம் ஆடவும் விண்டோஸ் போதும் என்று நினைத்தார்கள்.

காலம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்றால் டி.பி.எம். 2.0 சிப் வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், இந்த ஒரு மாற்றத்தால் உலகில் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று 2023-ல் கணித்தது. போர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகையில் இரண்டு எழுத்துதான் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் அது ‘பழசு’.

இந்த இடத்தில் விழுப்புரத்துக்கு ஒரு தனிச் சொத்து இருக்கிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறது. பெருநகரங்களில் இப்படிக் குழுக்கள் இருப்பது ஆச்சரியமில்லை. ஒரு மாவட்டத் தலைநகரில், அதுவும் பெரிய ஐ.டி. கம்பெனி எதுவும் இல்லாத ஊரில், ஒரு குழு வேர்விட்டு நிற்பதுதான் விசேஷம். இங்கே கற்கும் ஒருவருக்குப் பழைய இலவச மடிக்கணினியை எழுப்ப வழி தெரியும். சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., 2 ஜி.பி. ராம் இருந்த இடத்தில் 4 ஜி.பி., விண்டோஸுக்குப் பதில் லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்டின் இலகுவான பதிப்பு. பைத்தான் கற்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும், டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாள்களைப் படிக்கவும் அது தாராளம். செத்துப்போன இன்னொரு மடிக்கணினியிலிருந்தே ராம் கிடைத்தால் செலவு இன்னும் குறையும். இங்கேயும் அதே விதிதான், ஒரே மாதிரியான மடிக்கணினிகள் தெருவுக்குப் பத்து இருப்பதால்தான் இது சாத்தியம். பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரிப்பேருக்குத் தப்பியவை போகும் இடம் காயலாங்கடை. பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக்கில் செம்பு இருக்கிறது, அதற்கு விலை உண்டு. மிச்சக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதற்கு விலை இல்லை. ஆகவே செம்பு எடைக்குப் போகும், கண்ணாடி ஏரிக்கரைக்கோ புறவழிச்சாலை ஓரத்துக்கோ போகும். ஒயரை எரித்தால் செம்பு சீக்கிரம் வெளிவரும், புகை யாருக்கோ. 2022-ல் உலகம் சேர்த்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. மீதி எப்படிப் போகிறது என்று பார்க்க ஐ.நா. வரை போக வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைப் பொருட்களைப் பட்டியலிட்டு, தயாரித்தவனே கழிவுக்கும் பொறுப்பு என்கின்றன. பழையதைச் சீர்செய்து விற்பவருக்கும் அதில் இடம் உண்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிய வேண்டும். ஆனால் குறுந்தொழில்களுக்கு விதிகள் பொருந்தாது. அதாவது, நம்மூர்க் கடைக்காரருக்குக் கட்டாயமும் இல்லை, பலனும் இல்லை. ஒரு டிவியைப் பத்து வருடம் கூடுதலாக ஓட வைப்பவர் அந்தக் கணக்கில் எங்கும் வரமாட்டார், அதை உடைத்து நொறுக்கும் ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். 2022 டிசம்பர் 24-ல் ஒன்றிய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளம் தொடங்கியது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கம்பெனிகளின் சொந்த சர்வீஸ் சென்டர் விவரங்கள். சென்டர்காரர் ‘போர்டை மாத்தணும்’ என்பார், நேருஜி சாலைக்காரர் அந்தப் போர்டில் கெட்ட ஒரு சிப்பை மட்டும் மாற்றுவார். அவருக்குத் தேவையான பாகமும் படமும் அந்தத் தளத்தில் கிடைக்காது.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. இருபது லட்சம் பொருளை ஒரே வாடிக்கையாளர் வாங்கும்போது கம்பெனிகள் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டும். ஆகவே டெண்டரில் மூன்று வரி சேர்த்திருக்கலாம், இனி வரும் டெண்டரிலாவது சேர்க்கலாம். பேட்டரியும் டிஸ்ப்ளேயும் ஏழு ஆண்டுகளுக்கு வெளிச்சந்தையில், யார் கேட்டாலும், அறிவித்த விலையில் கிடைக்க வேண்டும். ராமையும் டிஸ்க்கையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கக் கூடாது. சர்க்யூட் படம் ஒரு பிரதி, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளுக்கும் எல்லா அரசு ஐ.டி.ஐ.களுக்கும் போய்ச்சேர வேண்டும். கலர் டிவி கொடுத்தபோது இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை, பொருளின் அமைப்பே அதைப் பார்த்துக்கொண்டது. இப்போது வருவது ஒட்டி மூடிய பொருள், எழுதி வாங்கினால்தான் உண்டு.